உணாவும் செய்தியும்: இத்தாலியில் குடியிருந்த அமெரிக்க எழுத்தாளர்களின் அடுக்களைப் பதிவுகள்

ஆய்வுச் சுருக்கம்

இத்தாலியில் குடியிருந்து, அங்குள்ள அன்றாட வாழ்வையும் உணவையும் ஊர்ப்பயணங்களையும் எழுதிய அமெரிக்கர்களின் நூல்கள் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. இந்நூல்களில் உணவு மிகுதியாகப் பேசப்படுகிறது. அவ்வுணவை விளைவித்துச் சமைத்துப் பரிமாறும் தொழில் எவ்வளவு பேசப்படுகிறது என்பது இக்கட்டுரை எழுப்பும் வினா. வில்லியம் டீன் ஹவல்ஸ், ஐரிஸ் ஒரிகோ, பிரான்சிஸ் மேயஸ், பில் பியூஃபர்ட், டோனா லியோன், ஜும்பா லாஹிரி முதலியோரின் நூல்கள் இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடப்படுகின்றன. இத்தாலிய அடுக்களையில் எழுத்தாளர் எவ்விடத்தில் நிற்கிறார் என்பது, அவர் கண்ணுக்கு எது புலப்படுகிறது என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது எனக் கட்டுரை வாதிடுகிறது.

திறவுச் சொற்கள்: அயல்வாழ்வு எழுத்து, உணவு, தொழில், வாரச் சாகுபடி, டஸ்கனி, வெனிஸ், மொழிபெயர்தேயம்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர்களுள் இத்தாலிக்குச் சென்று வந்தவர் பலர். வந்தபின் எழுதியவரும் பலர். மார்க் ட்வைன் 1869-இல் வெளியிட்ட பயணநூலில் இத்தாலி பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. ஹென்றி ஜேம்ஸ் பல ஆண்டுகளாக எழுதிய கட்டுரைகள் 1909-இல் ‘இத்தாலியன் அவர்ஸ்’ என நூலாயின. இவற்றில் தேவாலயங்களும் ஓவியங்களும் இடிபாடுகளும் முன்னிற்கின்றன. மனிதர்கள் பெரும்பாலும் அக்காட்சியின் ஓரத்தில் நடமாடுகிறார்கள். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது வேறொரு வகை. வீட்டை வாடகைக்கோ விலைக்கோ பெற்று, சந்தையில் காய்கறி வாங்கி, குழாய் பழுதுபார்ப்பவருக்காகக் காத்திருந்து, குளிர்காலத்தை அங்கேயே கழித்தவர்கள் எழுதியவை இந்நூல்கள். பயணநூலுக்கும் தன்வரலாற்றுக்கும் சமையல் நூலுக்கும் இடைப்பட்ட இவ்வகைக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. ‘அயல்வாழ்வு எழுத்து’ என்னும் சொல்லை இக்கட்டுரை பயன்படுத்துகிறது.

பெயரிடுவதில் ஒரு சிக்கல் உள்ளது. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பாட்ரியேட்’ என்பது தாய்நாட்டைவிட்டு வெளியில் வாழ்பவர் எவரையும் குறிக்க வேண்டிய சொல். வழக்கிலோ அது வசதியுடன் விரும்பி வந்து தங்கிய மேலைநாட்டவரையே குறிக்கிறது. தமிழில் ‘புலம்பெயர்ந்தோர்’ என்னும் சொல் ஏதிலியையும் கூலித்தொழிலாளியையும் மென்பொருள் பொறியாளரையும் ஒருசேரத் தழுவுவதால், இவ்வேறுபாடு நம் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. இத்தாலிய மொழியில் ‘எக்ஸ்த்ராகொமுனித்தாரியோ’ என்றொரு சொல் உண்டு. ஐரோப்பியக் கூட்டமைப்புக்கு அப்பாற்பட்ட நாட்டவர் என்பது அதன் பொருள். சட்டப்படி அமெரிக்கரும் அவ்வகையினரே. ஆயினும் தெருப்பேச்சில் அச்சொல் ஆப்பிரிக்கரையும் ஆசியரையும் கிழக்கு ஐரோப்பியரையும் சுட்டுமேயன்றி, ஆலிவ்தோப்புடன் வீடு வாங்கிய கலிபோர்னியரைச் சுட்டுவதில்லை. அமெரிக்கரின் இத்தாலிய நூல்களைப் படிக்கும்போது இச்சொல்லை நினைவில் வைத்திருத்தல் நன்று.

மற்றொன்றும் நினைவில் இருத்தற்குரியது. 1880-க்கும் 1920-க்கும் இடையில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அவருள் மிகப்பலர் தென்னித்தாலியின் ஏழை உழவர். முசோலினி ஆட்சியில் தென்பகுதி மலையூர் ஒன்றிற்கு நாடுகடத்தப்பட்ட கார்லோ லெவி, 1945-இல் வெளியான தம் நூலில், அவ்வூர் வீட்டுச் சுவர்களில் விஜ்ஜானோ மாதா படத்துடன் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் படமும் தொங்கியதை எழுதுகிறார். சோறு தேடி இத்தாலியர் போன நாட்டிலிருந்து, சுவை தேடி அமெரிக்கர் வந்ததே இந்நூல்களின் பின்புலம். நூல்களுள் மிகச்சிலவே இந்த எதிர்த்திசைப் போக்கை எண்ணிப்பார்க்கின்றன.

கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தொல்காப்பியம் உணாவையும் செய்தியையும் ஒரே நூற்பாவில் வைத்தெண்ணுகிறது. செய்தி என்பது அந்நிலத்து மக்களின் தொழில். ஒரு நிலத்தின் உணவைச் சொன்னால் அதன் தொழிலையும் சொல்லியாக வேண்டும் என்னும் உணர்வு அவ்வைப்புமுறையில் உண்டு எனக் கொள்ளலாம். தமிழ்நிலத்துப் பாடல்களுக்கென எழுந்த பாகுபாட்டை இத்தாலிக்கு ஏற்றிப் பார்ப்பது இங்கு நோக்கமன்று. உணா உள்ள இடத்தில் செய்தி எங்கே என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் அதனிடமிருந்து இக்கட்டுரை கடன் பெறுகிறது.

ஹவல்ஸ்: தூதரின் வீட்டுக்கணக்கு

ஆபிரகாம் லிங்கனின் 1860 தேர்தலுக்காக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தந்த ஓஹையோ இளைஞர் வில்லியம் டீன் ஹவல்ஸ். அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தது வெனிஸ் நகரில் அமெரிக்கத் துணைத்தூதர் பதவி. 1861 முதல் 1865 வரை, தம் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும், அவர் அங்கிருந்தார். வெனிஸ் அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. 1866-இல் வெளியான ‘வெனீஷியன் லைஃப்’ இக்காலத்தின் பதிவு.

இந்நூலில் இல்லற நடத்தைக்கெனத் தனி இயல் ஒன்று உள்ளது. வாடகை வீடு, கடைத்தெரு, வாயிலில் கூவி விற்போர், பணிப்பெண் ஜொவான்னா ஆகியவை அதன் பொருள். ஜொவான்னாவின் சுற்றத்தார் மெல்ல மெல்ல அவ்வீட்டு அடுப்பைச் சார்ந்து வாழத் தொடங்குவதை ஹவல்ஸ் நகைச்சுவையுடன் விவரிக்கிறார். அந்நகைச்சுவையில் எசமானரின் மேட்டிமை கலந்திருப்பது வெளிப்படை. எனினும் ஒன்றை மறுக்க இயலாது: வெனிஸ் நகரத்தார் பசியோடிருந்தனர் என்பதும், தூதர் வீட்டு அடுக்களை அப்பசி வந்து நிற்கும் வாயிலாக இருந்தது என்பதும் அவர் எழுத்தில் பதிவாகியுள்ளன. குளிர்காலத்தில் பெண்கள் கையில் ஏந்தித் திரியும் தணற்சட்டியை அவர் எழுதும்போது, அங்கு வெப்பம் என்பது விலைகொடுத்து வாங்கும் பொருள் என்று படிப்பவருக்குப் புரிகிறது. அழகிய நகரம் என்று முன்பே பாடப்பட்டுவிட்ட ஊரை, குளிரும் ஈரமும் வேலையின்மையும் உள்ள ஊராகக் காட்டியதே ஹவல்ஸின் பங்களிப்பு. பிற்காலத்தில் அமெரிக்க நடப்பியல் புதினத்தின் முன்னோடியாக அவர் அறியப்பட்டதற்கு இவ்வீட்டுக்கணக்கு நல்ல முன்பயிற்சி எனலாம்.

மேயஸ்: ஆளில்லா வீடும் பழஞ்சோற்றுச் சமையலும்

இவ்வகை நூல்களுள் உலகெங்கும் பரவியது பிரான்சிஸ் மேயஸ் எழுதி 1996-இல் வெளியான ‘அண்டர் தி டஸ்கன் சன்’. கவிஞரும் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான மேயஸ், 1990-இல் டஸ்கனி மாநிலத்துக் கொர்த்தோனா நகருக்கு அருகில் ‘பிரமசோலே’ என்னும் பழைய வீட்டை வாங்கினார். நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்த வீடு அது. அதைச் செப்பனிட்டதும், அங்குச் சமைத்ததும், சுற்றியுள்ள ஊர்களுக்குச் சென்றதுமே நூலின் பொருள். இடையிடையே சமையற்குறிப்புகளுக்கெனத் தனி இயல்கள் உள்ளன.

2003-இல் வந்த திரைப்படம் இந்நூலின் பெயருக்கு ஊறு செய்துவிட்டது. மணமுறிவால் நொந்த பெண் ஒருத்தி சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கி நொடிப்பொழுதில் வீடு வாங்குவதாகப் படம் கதை கட்டியது. நூலில் மேயஸ் தனியாக இல்லை. வாழ்க்கைத்துணைவர் எட் உடனிருக்கிறார். வீடு வாங்குதலும் நொடியில் முடிவதன்று: பத்திரப்பதிவாளர், பணமாற்று, நகராட்சி ஒப்புதல், ஒப்பந்தக்காரர்களின் தவணைகள் எனப் பக்கங்கள் நீள்கின்றன. நூலை மேம்போக்கான கனவு என்று ஒதுக்குவோர் பலர் உண்மையில் திரைப்படத்தையே ஒதுக்குகின்றனர். உணவறைச் சுவரைத் தேய்த்துக் கழுவுகையில் சுண்ணத்தின் அடியிலிருந்து பழைய சுவரோவியம் வெளிப்படும் பகுதியும், கற்சுவர்களைக் கட்டும் போலந்துத் தொழிலாளர்களைப் பற்றிய பகுதியும் நூலின் வலிமையான பக்கங்கள். தொழில் தெரியும் இடங்களில் மேயஸின் உரைநடையும் உயிர்பெறுகிறது.

நூலின் குறை வேறிடத்தில் உள்ளது. வீடு ஏன் ஆளின்றிக் கிடந்தது?

டஸ்கனி நாட்டுப்புறத்தில் நூற்றாண்டுகளாக நிலவியது ‘மெத்ஸாத்ரியா’ என்னும் வாரச் சாகுபடி முறை. நிலமும் வீடும் நிலக்கிழாருக்கு உரியவை. உழவர் குடும்பம் அவ்வீட்டில் குடியிருந்து உழைத்து விளைவில் பாதியைக் கொடுக்கும். மேல்வாரமும் குடிவாரமும் சரிபாதி. இன்று உலகம் புகழும் டஸ்கனி நிலக்காட்சி, அதாவது படிப்படியான கற்சுவர்த் திட்டுகள், ஆலிவும் கொடிமுந்திரியும் கலந்த தோட்டங்கள், குன்றுதோறும் தனித்து நிற்கும் கல்வீடுகள் ஆகிய எல்லாம், இம்முறை உருவாக்கியவை. இரண்டாம் உலகப்போருக்குப்பின் உழவர் போராட்டங்களாலும் தொழிற்சாலைகளின் ஈர்ப்பாலும் இம்முறை குலைந்தது. 1950-களிலும் 1960-களிலும் குடும்பம் குடும்பமாக நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1964-இல் இயற்றப்பட்ட சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்து, இருந்தவற்றில் குடிவாரத்தை 58 விழுக்காடாக உயர்த்தியது. 1982-இல் வந்த சட்டம் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழிசெய்தது. ஆளற்ற வீடுகள் குன்றுகளில் நின்றன. அவற்றை ஆங்கிலேயரும் செருமானியரும் அமெரிக்கரும் வாங்கினர்.

பிரமசோலே வாரக்குடியின் குடிசையன்று. அது வசதியுள்ளோர் கட்டிய வீடு. ஆனால் மேயஸ் வாங்கும் ஆலிவ்மரங்களும் கற்சுவர்களும் அவர் நடக்கும் பாதைகளும் வாரக்குடிகளின் உழைப்பு. அவர் எத்ருஸ்கன் காலத்துச் சுவரையும் உரோமானியர் பாதையையும் வியந்து எழுதுகிறார். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. நாற்பதாண்டுப் பழமை மங்கலாகவே தெரிகிறது. தொல்பழங்காலத்தைப் பார்த்துக்கொண்டு அண்மைக்காலத்தைத் தாண்டிச் செல்லும் இப்பார்வை மேயஸுக்கு மட்டும் உரியதன்று. இவ்வகை நூல்களின் பொதுக்குணமாகவே அதைக் கொள்ளலாம்.

உணவிலும் இதே நிகழ்கிறது. டஸ்கனியின் புகழ்பெற்ற உணவுகளுள் பல காய்ந்த ரொட்டியிலிருந்து பிறந்தவை. ‘ரிபொல்லீத்தா’ என்றால் மறுபடி கொதித்தது என்று பொருள்: முந்தைய நாளின் அவரைக்கீரைச் சாறும் பழைய ரொட்டியும் மீண்டும் அடுப்பேறுவது. ‘பன்ஸனெல்லா’ நீரில் ஊறவைத்துப் பிழிந்த பழைய ரொட்டியுடன் வெங்காயமும் தக்காளியும் சேர்ந்தது. நம் பழஞ்சோற்றுக்கு உறவான உணவுகள் இவை. இவற்றை இத்தாலியரே ‘குச்சீனா பொவெரா’, ஏழையர் சமையல், என்கின்றனர். உரோம் நகரின் ஸ்பானியச் சதுக்கத்தில் அமெரிக்கத் துரித உணவகம் திறக்கப்பட்டபோது 1986-இல் எழுந்த எதிர்ப்பும், அதையொட்டிக் கார்லோ பெத்ரீனி முன்னெடுத்த ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கமும் இவ்வுணவுகளுக்கு உலக மதிப்பைத் தேடித்தந்தன. ஏழ்மையின் சமையல் இவ்வாறு எளிமையின் சமையலாகப் பெயர்மாறியது. ஏழ்மை சுமத்தப்படுவது, எளிமை தேர்ந்துகொள்ளப்படுவது என்னும் வேறுபாட்டை அயல்வாழ்வு நூல்கள் பெரிதும் அழித்துவிடுகின்றன.

சமையற்குறிப்பின் இலக்கணமும் இதற்குத் துணைபோகிறது. ‘நறுக்கவும்’, ‘வதக்கவும்’, ‘இறக்கவும்’ என்னும் வியங்கோள் வடிவத்தில் எழுவாய் இல்லை. யார் நறுக்கினார், யாருக்காக, எந்தப் பருவத்தில், எத்தனை பேருக்கு எவ்வளவு என்பன உதிர்ந்து, எவர் வேண்டுமாயினும் எங்கு வேண்டுமாயினும் செய்துகொள்ளத்தக்க பண்டமாக உணவு மாறுகிறது. கதைகூறலின் நடுவே சமையற்குறிப்பு வரும்போதெல்லாம் செய்தி நீங்கி உணா மட்டும் எஞ்சுவதை மேயஸின் நூலில் காணலாம்.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. நூலின் அன்றாடம் பெரும்பாலும் பல்கலைக்கழக விடுமுறையின் அன்றாடம். கோடையிலும் கிறித்துமசு விடுப்பிலும் மேயஸ் வருகிறார். பாடவேளை தொடங்கும்போது கலிபோர்னியா திரும்புகிறார். ஊரார்க்கு வேலைநாளாக இருப்பது அவருக்கு ஓய்வுநாள். இரண்டும் ஒரே சந்தையில், ஒரே தக்காளிக் குவியலின் முன் சந்திக்கின்றன.

உடைமையாளராக இருப்பதே பார்வையை மறைத்துவிடும் என்று இதனால் முடிவுகட்டலாமா? ஐரிஸ் ஒரிகோ அதற்கு இடந்தரவில்லை. அமெரிக்கத் தந்தைக்கும் ஆங்கில-ஐரியத் தாய்க்கும் பிறந்து, இத்தாலியரை மணந்து, 1924 முதல் டஸ்கனியின் தென்கோடியில் ‘லா ஃபோச்சே’ என்னும் பெரும்பண்ணையை நடத்தியவர் அவர். மேல்வாரம் பெற்ற கைகளே அவருடையவை. ஆயினும் 1947-இல் வெளியான அவருடைய போர்க்கால நாட்குறிப்பு, பண்ணை வீடுகளில் ரொட்டி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை விடாமல் கவனிக்கிறது. தப்பிவந்த போர்க்கைதிகளுக்கும் காட்டில் மறைந்திருந்தோர்க்கும் வாரக்குடிகள் தம் பங்கிலிருந்து உணவளித்தனர். அளித்ததற்காக உயிரிழக்கும் இடர் அவர்களுக்கு இருந்தது. சுவையைப் பற்றி அந்நூலில் ஏறத்தாழ ஒன்றும் இல்லை. டஸ்கனி உணவு பற்றி அமெரிக்கத் தொடர்புடைய ஒருவர் எழுதியவற்றுள் அதுவே முதன்மையானது என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு. வார முறையின் தந்தைமைத் தோரணையைப் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் ஒரிகோ ஓரளவு எடைபோடுகிறார், முழுதும் கைவிடவில்லை.

எலிசபெத் கில்பர்ட்டின் ‘ஈட், பிரே, லவ்’ (2006) நூலைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. உரோமில் நான்கு மாதம் உண்ணுதல், இந்திய ஆசிரமத்தில் நான்கு மாதம் தியானம், பாலித்தீவில் நான்கு மாதம் சமநிலை என்பது அதன் திட்டம். உடலுக்கு இத்தாலி, ஆன்மாவுக்கு இந்தியா என்னும் பங்கீடு இந்திய வாசகருக்குப் புதிதன்று. இந்தியாவுக்கு நெடுங்காலமாகச் செய்யப்பட்டுவரும் எளிமைப்படுத்தல் இத்தாலிக்கும் செய்யப்படுகிறது என்பதைக் காட்டும் அளவில் அந்நூல் பயன்படும். இந்நூலுக்கான முன்பணமே பயணச்செலவைத் தாங்கியது என்பதை ஆசிரியர் மறைக்காமல் சொல்லிவிடுவது அவருடைய நேர்மை.

பியூஃபர்ட், தெ பிளாசி: பயிலுநராக நிற்றல்

அடுக்களைக்கு உரிமையாளராகவோ விருந்தினராகவோ செல்லாமல், வேலை கற்பவராகச் செல்லும்போது என்ன நேர்கிறது என்பதற்குப் பில் பியூஃபர்ட்டின் ‘ஹீட்’ (2006) சான்று. ‘நியூயார்க்கர்’ இதழில் புனைகதைப் பிரிவின் ஆசிரியராக இருந்தவர், நியூயார்க்கில் இத்தாலிய உணவகமொன்றின் அடுக்களையில் எடுபிடியாகச் சேர்கிறார். அங்கிருந்து எமிலியா மலைப்பகுதியின் பொர்ரெத்தா தெர்மே ஊரில் மாப்பிசைந்து பாஸ்தா தேய்க்கக் கற்று, பின்னர் டஸ்கனியின் பன்ஸானோ ஊரில் தாரியோ செக்கினியின் இறைச்சிக்கடையில் தொழில் பழகுகிறார்.

இந்நூலில் உணவு எப்போதும் ஒருவர் கையிலிருந்து வருகிறது. மாவு எத்தனை மெல்லியதாக வேண்டும், கத்தி தசையின் எந்த மடிப்பில் நுழைய வேண்டும், தவறினால் யார் திட்டுவார் என்பன எழுதப்படுகின்றன. பாஸ்தாவில் முட்டை எக்காலத்தில் வந்து சேர்ந்தது என்று பழஞ்சமையல் ஏடுகளைப் புரட்டும் தேடலும், மரபு என்று நாம் கருதுவதற்கு வரலாறு உண்டு என்பதைக் காட்டுகிறது. டஸ்கனி மரபின் காவலராக அறியப்பட்ட செக்கினியின் கடையில் தொங்கும் மாட்டிறைச்சி டஸ்கனியினுடையதன்று, ஸ்பெயின் நாட்டிலிருந்து வருவது என்னும் செய்தி இந்நூலில் இடம்பெறுகிறது. மரபு என்பது மண்ணில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்னும் வினாவை இதனினும் கூர்மையாக எழுப்பும் தகவலை மேயஸின் வெயிலில் தேடினும் காண முடியாது.

ஆனால் நூலின் துணைத்தலைப்பில் பியூஃபர்ட் தம்மை ‘அடுக்களை அடிமை’ என அழைத்துக்கொள்கிறார். விரும்பும்போது விலகிச் செல்லத்தக்க நிலைக்கு அப்பெயர் பொருந்தாது. அதே நியூயார்க் அடுக்களையில் இலத்தீன் அமெரிக்கத் தொழிலாளர் கூலிக்காக நிற்கின்றனர்; அவர்களும் நூலில் வருகின்றனர் என்பதே இம்மிகைச்சொல்லை வாசகர் உறுத்தலோடு படிக்கக் காரணமாகிறது.

மார்லேனா தெ பிளாசி இதனினும் மென்மையான எழுத்தாளர். சமையற்கலைஞரான அவர் வெனிஸ் வங்கி அலுவலர் ஒருவரை மணந்து குடியேறிய கதையை 2002-இலும், பின்னர் சான் கஸ்ச்சியானோ தெய் பாஞ்ஞி என்னும் டஸ்கனிச் சிற்றூருக்குப் பெயர்ந்த கதையை 2004-இலும் வெளியிட்டார். முதல் நூலில் காதல் மிகுந்து அடுக்களை ஒப்பனையாகிறது. இரண்டாவதில் ஊர் முதியவர் ஒருவர் ஆசானாக அமைந்து, திராட்சை அறுவடையும் செஸ்நட் பொறுக்குதலும் பற்றாக்குறைக் காலத்து உணவும் பேசப்படுகின்றன. முதியவர் சொல்லும் பசியின் நினைவுகள் நூலின் இனிமையை இடையிடையே முறிக்கின்றன. அம்முறிவுகளே அந்நூலைக் காப்பாற்றுகின்றன.

லியோன்: இத்தாலியில் படிக்கப்படாத மதிய உணவு

டோனா லியோன் எழுதியவை தன்வரலாறு அல்ல, துப்பறியும் புதினங்கள். நியூ ஜெர்சியில் பிறந்து, 1981 முதல் முப்பதாண்டுகளுக்கு மேல் வெனிசில் வாழ்ந்தவர். 1992-இல் தொடங்கிய அவருடைய புதின வரிசையின் தலைவர் காவல் அதிகாரி புருனெத்தி. கொலை விசாரணை எவ்வளவு நெருக்கடியில் இருந்தாலும் அவர் மதியம் வீடு திரும்பி மனைவி பாவோலாவும் பிள்ளைகளும் சூழ உண்கிறார். அவ்வுணவுகளின் செய்முறைகள் தனி நூலாகவே தொகுக்கப்பட்டன.

பாவோலா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிப்பவர். ஹென்றி ஜேம்ஸின் தீராத வாசகர். வெனிசின் செல்வக்குடியில் பிறந்தவர். வகுப்பும் எடுத்து, இரண்டு வேளையும் பல பதங்களில் சமைத்தும் விடுகிறார். விரிவுரையாளராகப் பணியாற்றும் பெண்கள் இப்பாத்திரத்தை எத்துணை நம்புவர் என்பது ஐயத்துக்குரியது. பாவோலாவின் உழைப்பைப் புதினம் அன்பாக மட்டுமே காண்கிறது. தெருவில் நடக்கும் ஊழலையும் சுற்றுச்சூழல் கேட்டையும் இரக்கமின்றி ஆராயும் லியோன், அடுக்களை வாயிலில் அக்கண்ணைக் கழற்றி வைத்துவிடுகிறார்.

எனினும் 2005-இல் வந்த ‘பிளட் ஃப்ரம் எ ஸ்டோன்’ இவ்வகை எழுத்தில் ஒரு திருப்பம். கிறித்துமசுக் காலத்தில் வெனிஸ் சதுக்கமொன்றில் தரையில் துணிவிரித்துப் போலிக் கைப்பைகள் விற்ற ஆப்பிரிக்க இளைஞர் சுட்டுக்கொல்லப்படுகிறார். அவர் பெயர் எவருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டறிவதே புருனெத்தியின் முதல் வேலையாகிறது. ஒரே நகரத்தில் ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு அயலாருள் ஒருவர் அந்நகரைப் பற்றிப் புதினம் எழுதுகிறார், மற்றவர் அப்புதினத்தில் பிணமாகக் கிடக்கிறார். லியோன் இதை அறிந்தே எழுதினார் என்று தோன்றுகிறது. புருனெத்தியின் குடும்பத்தாரே அவ்விற்பனையாளரைப் பற்றி உணவுமேசையில் பேசுகையில் சொற்கள் தடுமாறுகின்றன. இவ்வரிசையில் மேசை அமைதி குலையும் அரிய இடங்களுள் அது ஒன்று.

தம் புதினங்கள் இத்தாலியில் மொழிபெயர்க்கப்படுவதை லியோன் ஏற்கவில்லை. தாம் வாழும் இடத்தில் அடையாளம் காணப்படாமல் இருக்க விரும்பியதாக அவர் காரணம் கூறினார். அவ்விருப்பத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அதன் விளைவு ஆராயத்தக்கது. வெனிஸ் மக்களின் மதிய உணவு, பல மொழி வாசகர்களுக்குத் தெரிந்திருக்க, அம்மக்களின் மொழியில் மட்டும் இல்லாமல் போகிறது. விவரிக்கப்பட்டவர்கள் ‘எங்கள் வீட்டில் இப்படியில்லை’ என்று சொல்லும் வாய்ப்பு இல்லாத எழுத்து அது. அயல்வாழ்வு நூல்கள் பெரும்பாலும் இவ்வாறே தாய்நாட்டு வாசகரை நோக்கி எழுதப்படுகின்றன. லியோன் அதை வெளிப்படையாகச் செய்தார்.

லாஹிரி: மொழிபெயர்தேயம்

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியவர் ஜும்பா லாஹிரி. வங்காளப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்து அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் வளர்ந்த அவர், 2012-இல் குடும்பத்துடன் உரோமுக்குப் பெயர்ந்தார். ஆங்கிலத்தில் எழுதுவதை நிறுத்தி இத்தாலியத்தில் எழுதினார். 2015-இல் வந்த ‘இன் ஆல்த்ரே பரோலே’ அவ்வாறு எழுதிய முதல் நூல். அதை ஆங்கிலமாக்கும் பொறுப்பைக்கூட ஆன் கோல்ட்ஸ்டைனிடம் விட்டுவிட்டார்.

தமிழ்ப் பழம்பாடல்கள் அயல்நாட்டை ‘மொழிபெயர்தேயம்’ என்று குறிக்கும். மொழி வேறாகும் நிலம் என்பது பொருள். எல்லையை மலையாலோ மன்னனாலோ குறிக்காமல் மொழியால் குறிக்கும் அச்சொல் லாஹிரியின் நூலுக்கு வேறெந்த நூலைக்காட்டிலும் பொருந்தும். மேயஸ், கில்பர்ட் ஆகியோர் உணவின் வழியாக நுழையும் நாட்டில் லாஹிரி வினைச்சொற்களின் வழியாக நுழைகிறார். ஏறத்தாழ உணவே இல்லாத இத்தாலிய நூல் அது. அவ்வின்மை தற்செயலானதாகத் தோன்றவில்லை. உண்பதற்கு மொழி வேண்டியதில்லை. பணம் கொடுத்தால் தட்டு வரும். பிழையின்றிப் பேசவோ எழுதவோ முயல்பவர்தாம் அந்நாட்டாரின் தீர்ப்புக்குத் தம்மை உட்படுத்துகிறார்.

அத்தீர்ப்பு எப்படியிருந்தது என்பதை நூலின் ஓர் இயல் பதிவுசெய்கிறது. சலேர்னோ நகரத் துணிக்கடையொன்றில் லாஹிரி விற்பனைப்பெண்ணிடம் இத்தாலியத்தில் பேசிப் பிள்ளைகளுக்கு உடை தேர்கிறார். பின்னர் வந்த அவருடைய கணவர் சில சொற்களே பேசுகிறார். உங்கள் கணவர் இத்தாலியரோ, எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்று அப்பெண் லாஹிரியிடம் கேட்கிறாள். கணவர் ஸ்பானிய மொழி நன்கறிந்தவர். இத்தாலியத்தில் லாஹிரியைவிடக் குறைந்த பயிற்சியுடையவர். ஆனால் தோற்றத்தால் இத்தாலியர் போன்றவர். மொழிக்காகத் தம் எழுத்துமொழியையே விட்டுவந்தவரின் முன் நிற்கும் சுவர், அவருடைய தோலின் நிறம். அமெரிக்கர், புகழ்பெற்ற எழுத்தாளர், புலிட்சர் பரிசு பெற்றவர் என்பனவெல்லாம் அக்கடைக்காரப் பெண்ணுக்குத் தெரியா. ‘எக்ஸ்பாட்ரியேட்’ என்னும் சொல் யாருக்கு எளிதில் கிடைக்கிறது, யாருக்கு அது கடைவாசலிலேயே நழுவிவிடுகிறது என்பதைப் பல கோட்பாட்டு நூல்களைவிட இச்சிறு பகுதி தெளிவாகக் காட்டுகிறது.

இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது அமெரிக்கர் அல்லாத ஒருவரின் சிறுகதை. சோமாலியப் பெற்றோருக்கு 1974-இல் உரோமில் பிறந்த இஜியாபா ஷேகோ எழுதி 2003-இல் பரிசு பெற்ற அக்கதையின் பெயர் ‘சல்சீச்சே’. பன்றியிறைச்சித் துண்டுகளைக் குடலுறையில் அடைத்துச் செய்யும் உணவின் பெயர் அது. ஐரோப்பியரல்லாத குடியேறிகளின் கைரேகையைப் பதிவுசெய்யும் சட்டம் 2002-இல் வந்த சூழலில் கதை நிகழ்கிறது. முஸ்லிமான கதைசொல்லி ஒருநாள் கடைக்குச் சென்று அவ்வுணவை வாங்கி வருகிறாள். உண்டால் தான் இத்தாலியள் என்பது மெய்ப்படுமா என்று தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். அடுப்பில் வேகிறது, குமட்டுகிறது, இறுதியில் அது குப்பைத்தொட்டிக்குப் போகிறது. மேயஸின் அடுக்களையில் சுவையாக, பியூஃபர்ட்டின் கடையில் தொழிலாக, லியோனின் மேசையில் குடும்ப அமைதியாக இருந்த இத்தாலிய உணவு, அந்நகரத்திலேயே பிறந்த ஒரு பெண்ணின் வாணலியில் குடியுரிமைத் தேர்வாகிவிடுகிறது. அத்தேர்வை மேயஸுக்கோ கில்பர்ட்டுக்கோ எவரும் வைத்ததில்லை.